பொய் டிஸ்க்

டிஸ்க்கை போர்மட் பண்ண மாணவிகளைப் பழக்க, பழைய டிஸ்க் ஒன்று கேட்டேன். ஆரையம்பதியில் நான் படிப்பிக்கும் கணினி நிலையத்தின் பொறுப்பாளர், "பிழைச்சா எல்லாம் அழிஞ்சிடும், அந்தப் பாடத்தை விடுங்க டீச்சர்" என்றார்.

நான் விடவில்லை. லினக்ஸில் ஒரு வெறும் ஃபைலையே டிஸ்க்காக இணைக்கலாம். கெடுத்தாலும் போவது அந்த ஃபைல் மட்டும்தான்.

ஆனால் செய்துகாட்டும்போது, ஃபைலின் பெயர் வரவேண்டிய இடத்தில் உண்மையான டிஸ்க்கின் பெயரை அடித்துவிட்டேன். அதிலிருந்த என் பாடக்குறிப்புகள் முழுவதும் அழிந்துபோயின.

"நான் அப்பவே சொன்னனான்தானே?" மாணவிகளுக்கு முன்னாலேயே கேட்டார் பொறுப்பாளர்.

முன்வாங்கில் இருந்த சாந்தி எழும்பினாள். "சேர், டீச்சருக்கே பிழைக்குதெண்டா எங்களுக்குப் பிழைக்காதா? அதுக்குத்தானே இந்தப் பொய் டிஸ்க்கு?"

எனக்குத் துணிவு வந்தது. "ஓம் சேர், அழிச்சது நான்தான். ஆனா பாடம் நடக்கும்" என்றேன். அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

பக்கத்துக் கணினியில் புதிதாக ஒரு ஃபைல் செய்தேன். அன்றிலிருந்து என் வகுப்பில், டிஸ்க்கின் பெயரை உரக்க வாசிக்காமல் எவரும் என்டர் தட்டுவதில்லை. முதலில் வாசிப்பது நான்தான். அவருடைய அறைக்குக் கேட்கும்படியாகவே வாசிக்கிறேன்.