ஜெர்மன் ரெஸ்டாரண்டில் ஒரு ‘வேண்டாம்’

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் குடியிருந்த காலம். என் கணவருடைய மேனேஜரின் முன்னோர்கள் ஜெர்மன்காரர்கள். புராஜெக்ட் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் எங்கள் இருவரையும் தமக்குப் பிடித்த ஜெர்மன் ரெஸ்டாரண்டுக்கு அழைத்துப் போனார். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். வாந்தி நின்று, கண்ணில் பட்டதையெல்லாம் தின்னத் தோன்றும் நேரம். “மதியம் லைட்டா சாப்பிடு, அங்க நிறைய வரும்” என்று இவர் சொன்னதை நம்பி, ஒரு கரண்டி தயிர்சோற்றோடு நிறுத்தியிருந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மெனுவைத் திறந்தால் பன்றி. புரட்டினால் மறுபடியும் பன்றி. மாடும் கோழியும் இருந்தன, ஆனால் ஹலால் இல்லை. கடைசியில் ஓர் ஓரமாக, உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடை இருந்தது. மேனேஜரே அதைக் காட்டி, வெஜிடபிள் ஆயிலில்தான் பொரிக்கிறார்கள், ஆர்டர் பண்ணட்டுமா என்று கேட்டார். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

“நோ, நோ, வீ ஆர் ஃபைன்” என்றார் இவர்.

எங்கள் ஊரில் விருந்துக்குப் போனால் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. அவர்கள் வற்புறுத்த வேண்டும், நாம் இன்னொரு முறை மறுக்க வேண்டும், அதற்குள் தட்டு நிறைந்துவிடும். மேனேஜருக்கு இதெல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்? “ஓகே” என்று மெனுவை மூடிவிட்டார். எங்களுக்கு ஆளுக்கொரு ஆப்பிள் ஜூஸ் வந்தது. அவர் தம் தட்டை ரசித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசைக்கடியில் இவர் காலை மிதித்தேன்.

“என்னங்க, பசி உயிர் போகுது. சொல்லுங்க.”

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா. இன்னொரு தடவ கேப்பாரு.”

“அவரு எங்க கேக்கப் போறாரு?”

கேட்கவில்லை. பக்கத்து மேசைக்குப் பொன்னிறமாக அதே அடை போனது. இனி இந்த மனிதரின் மரியாதையை நம்பினால் நானும் பிள்ளையும் பட்டினிதான். பரிமாறும் பெண்ணைக் கைதட்டாத குறையாகக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே ஆர்டர் பண்ணினேன். மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். இவர் என்னை முறைத்தார்.

ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, ஆவி பறக்க வந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டேன். இவர் கண் என் தட்டை விட்டு நகரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

“வேணுமா?” என்று கேட்டேன்.

“சே, வேணாம், நீ சாப்பிடு” என்றார்.

நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.