ஈரப் பஞ்சு

காக்ஸ் டவுனில் நான் உதவி டாக்டராக இருந்த பல் கிளினிக்கின் பெரிய டாக்டருக்கு, எதையும் படிக்காமலே தெரிந்துகொள்ளும் வரம் இருந்தது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். பல்லின் வேரை அடைக்கும் புது சிமென்ட் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் வகுப்பு நடந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய், சர்டிபிகேட்டோடு திரும்பினார். சிமென்ட் டப்பாவைப் பிரிப்பதற்கு முன்பே சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று.

முதலில் மாட்டியது மர்பி டவுனிலிருந்து வந்த நாலாங்கிளாஸ் பெண். பள்ளிக்கூடப் படியில் விழுந்து முன்பல் உடைந்து, உள்ளே நரம்பு செத்திருந்தது. அந்த வயதில் வேர் முழுசாக வளர்ந்திருக்காது. நுனி திறந்தே கிடக்கும். அதை அடைக்காவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான். பழைய முறையில் சுண்ண மருந்தை மாற்றி மாற்றி வைத்து மாதக்கணக்கில் இழுப்போம். அவள் அம்மாவுக்கு கார்மென்ட்ஸ் வேலை. அத்தனை லீவு யார் தருவார்கள்? புது சிமென்ட் என்றால் இரண்டு மூன்று தடவையில் முடிந்துவிடும்.

சிமென்ட்டை அவர் நன்றாகவே வைத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது இறுகுவதற்கு ஈரம் வேண்டும். மேலே ஈரப் பஞ்சு வைத்து மூடச் சொல்லி, டப்பாவிலிருந்த தாளில் படம் போட்டே விளக்கியிருந்தார்கள். நனைத்த பஞ்சை நீட்டினேன்.

"பல்லுக்குள்ள ஈரமா? காலேஜ்ல என்னதாம்மா சொல்லிக் குடுத்தாங்க? கொத்தாகல்வா?"

புரியலையா என்று திட்டும்போது மட்டும் கன்னடத்துக்குத் தாவுவார். முப்பது வருஷமாக எச்சிலை உறிஞ்சி, காற்றடித்து, பல்லைக் காயவைத்தே பிழைத்த மனிதர். இதையும் காற்றடித்து, காய்ந்த பஞ்சைத் திணித்து மூடினார். "சரி சார்" என்றேன். தாள் என் கோட் பையில்தான் இருந்தது.

அடுத்த வாரம் திறந்தபோது, ஊசி மணலில் இறங்குவது போல சிமென்ட்டில் இறங்கியது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை மகானுபாவர். "முறுக்கு கிறுக்கு கடிச்சிருப்பா. மெட்டீரியலே வேஸ்ட்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, புதிதாக வைக்கும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அம்மா மகளின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நான் ஒண்ணுமே கடிக்கலம்மா."

"அப்ப டாக்டர் பொய் சொல்றாரா?" என்று இன்னொன்று விழுந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க மேடம்."

இன்றும் நான் திட்டுவது அந்த ஆளைத்தான். ஆனால் அன்று அவர் அந்த அறையில்கூட இல்லை. நான்தான் இருந்தேன்.

"இனிமே கடினமா எதையும் கடிக்காதே கண்ணு" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பழசைக் கழுவி எடுத்து, புதிதாக வைத்து, யாருக்கும் தெரியாமல் ஈரப் பஞ்சால் மூடினேன். கல்லாக இறுகியது, பல் பிழைத்தது. கடைசித் தடவை வரை, சொன்னபோதெல்லாம் வாயைத் திறந்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.