பட்டினப்பாக்கத்தில் ஒரு பெண் குரல்

தேர்தல் நெருங்கினாலே எனக்குக் கோபம் கூடிவிடும். எந்தக் கட்சி மேலும் இல்லை. போனை எடுக்கிற ஆண்கள் மேல்தான். தி. நகரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். யாருக்கு ஓட்டுப் போடப்போகிறீர்கள் என்று போனில் கேட்டுப் பதிவு செய்கிற வேலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பேசுவார்கள், அவர்களைக் கட்டி மேய்ப்பது நான்.

எந்தப் பகுதியானாலும் பேசியவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். அடையாறில் எப்படியோ ஒப்பேற்றிவிடுவோம். வேளச்சேரியில் ஆண் பெண் வித்தியாசமே இல்லை, எல்லோரும் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவார்கள். பட்டினப்பாக்கம்தான் உயிரை வாங்கும். வீட்டுக்கு ஒரு போன், அது அவர் சட்டைப்பையில். வீட்டம்மாவிடம் கொடுங்கள் என்றால், அவளுக்கு என்ன தெரியும், நான் சொன்னதையே அவளுக்கும் போட்டுக்கொள் என்று பதில் வரும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் எங்கள் பெண்களில் ஒருத்தி அப்படியே போட்டும் வைத்தாள். கையும் களவுமாகப் பிடித்தேன். உன் ஓட்டை உன் புருஷன் போட்டால் சும்மா இருப்பாயா என்று நான் கத்திய கத்தலில் கீழே துணிக்கடையில் விற்பனையே நின்றிருக்கும்.

அதே பெண்ணுக்கு மறுநாள் அதிர்ஷ்டம் அடித்தது. பட்டினப்பாக்கத்தில் ஒரு வீட்டில் மனைவியே போனை எடுத்துவிட்டாள். புருஷன் குளிக்கப் போயிருந்தான், போன் சார்ஜில் கிடந்தது. பதிவைப் போட்டுக் கேட்டேன். தாழ்ந்த குரல், ஆனால் ஒரு பிசிறு இல்லை.

"எங்கூட்டுக்காரரு கட்சிக்காரரு. தெருவுக்கே அவருதான் சொல்லுவாரு. ஆனா நான் அதுக்குப் போட மாட்டேங்க. மழையில வூட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல."

எந்தச் சின்னம் என்பதையும் சொல்லிவிட்டு, அவசரமாக வைத்துவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த வட்டாரத்திலிருந்து இத்தனை நாளில் ஒரு பெண் வாயிலிருந்து ஒரு பெண்ணின் பதில்.

ஆனால் ஒருமுறை பொய்யாகப் போட்டு மாட்டியவள் எடுக்கிற பேட்டியையெல்லாம் நாங்கள் மறுபடி கூப்பிட்டுச் சரிபார்த்தாக வேண்டும். பேசியவரே பேசினேன் என்று சொன்னால்தான் பேட்டி தேறும். இல்லையென்றால் கழித்துவிட வேண்டியதுதான். அடுத்த நாள் அந்த எண்ணை நானே கூப்பிட்டேன். அவள் எடுக்கட்டும், அவள் எடுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே காத்திருந்தேன். அவன்தான் எடுத்தான்.

ராங் நம்பர் என்று வைத்துவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"இந்த நம்பர்லேர்ந்து நேத்தும் வந்துகீது. ரொம்ப நேரம் பேசிக்கீறாங்க. நான் பேசல. யார்கிட்ட பேசுன?"

குரல் உயரவேயில்லை, அதுதான் பயமாக இருந்தது. பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது. அவன் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். போனை ஸ்பீக்கரில் போட்டான். தேர்தல் சர்வே என்று நான் சொன்னதும், தெருவுக்கே ஓட்டுச் சொல்கிறவன் அல்லவா, ஒரே கேள்விதான் கேட்டான்.

"இவ எதுக்குப் போடுவேன்னா?"

அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்கிற மாதிரி இருந்தது. நான் சொல்ல மாட்டேன் என்றாலே அவனுக்குப் புரிந்துவிடும், அப்புறம் அந்தச் சுவர்களுக்குள் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும். பாழாய்ப்போன சர்வே. சிரித்த மாதிரி குரலை வைத்துக்கொண்டு, அதை ஏன் சார் கேட்கிறீர்கள், எங்கள் பெண் எவ்வளவோ நேரம் கெஞ்சிப் பார்த்தாள், எனக்கு ஒன்றும் தெரியாது, அவரைக் கேளுங்கள் என்றே உங்கள் வீட்டம்மா சாதித்துவிட்டார்கள், அதனால்தான் மறுபடி கூப்பிடுகிறேன் என்று அளந்துவிட்டேன்.

அவன் சிரித்தான். அதானே பார்த்தேன் என்றான். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சின்னம், போட்டுக்கொள் என்று தாராளமாகச் சொன்னான். பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது.

அவள் பேட்டியை நானே கழித்தேன். எங்கள் மேலாளர் வந்து, ஏற்கெனவே பெண்கள் குறைவு, நல்ல பேட்டியைப் போய்க் கழித்திருக்கிறாயே, பதிவுதான் இருக்கிறதே என்றார். அவளை இன்னொரு தடவை கூப்பிட்டுச் சரிபார்க்க உங்களுக்குத் தைரியம் இருந்தால் நீங்களே கூப்பிடுங்கள் என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொன்னேன். மனுஷர் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை அலுவலக எண்ணுக்கு ஒரு அழைப்பு. மீன் விலை கூவுகிற சத்தத்துக்கு நடுவில் அதே தாழ்ந்த குரல். மீன் கடைக்காரி ஒருத்தியின் போனாம். எங்கள் எண்ணைப் புருஷன் போனில் பார்த்து மனதில் வைத்திருந்தாளாம். நேற்று நான் சமாளித்ததற்கு நன்றி சொன்னாள். அடி ஒன்றும் விழவில்லையே என்று கேட்டேன். இல்லை என்றாள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அவள் போனை வைக்கவில்லை.

"அக்கா, நான் சொன்னது இருக்குதா, எட்த்துட்டியா?"

அவளிடமும் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எடுத்துவிட்டேன் என்றேன்.

"இப்ப திரும்பப் போட்டுக்கோ. நானேதான் சொல்றேன்."

அது முடியாது. தானாகக் கூப்பிட்டுச் சொல்கிறவர்களைச் சேர்த்தால், ஏதாவது ஒரு கட்சி ஆட்களை வைத்து நாள் முழுக்கக் கூப்பிட வைத்துவிடும். சரியான விதிதான், நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த விதி. நீயாகக் கூப்பிட்டால் சேராதும்மா, நாங்கள் உன் வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டு நீ சொன்னால்தான் சேரும் என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.



"நீ கூப்ட்டா அவருதானக்கா எடுப்பாரு."