எங்கள் வேலையை நாங்களே நடித்தபோது

தென்கொரியாவில் படப்பிடிப்பு முடிந்ததும் யாரும் 'போய் வருகிறேன்' என்பதில்லை. தலை தாழ்த்தி, 'சுகோஹசியொசும்னிதா' என்கிறார்கள். 'பாடுபட்டீர்கள்' என்று பொருள். கொல்லிமலையில் குண்டூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் பிறந்த நான், சியோலில் ஒலிப்பதிவு உதவியாளராகச் சேர்ந்த முதல் நாள், "இல்லை, பாடொன்றும் படவில்லை" என்று பதில் சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நம் ஊர்ப் படத்தில் இயக்குநர் ஒருவர் பாத்திரமாக வந்தால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக 'ஆக்‌ஷன்' என்று கத்துவார். அங்கே சில இயக்குநர்கள் தங்கள் பிழைப்பை உள்ளபடியே படமாக்குகிறார்கள். எங்கள் இயக்குநரும் சென்ற ஆண்டு அப்படி ஒன்று எடுத்தார். படம் எடுக்க முடியாமல் திண்டாடும் இயக்குநராக அவரே நடித்தார்; நாங்கள் நாங்களாகவே நின்றோம். வெயிலுக்காகக் காத்திருப்போம், நூடுல்ஸ் உறிஞ்சுவோம், ஒரு வரி வசனத்துக்காகச் சண்டை போட்டுவிட்டு ஒரே மேசையில் குடித்துச் சமாதானமாவோம். மழைக்காட்சியில் நான் மைக்குக்குக் குடை பிடித்துத் தொப்பலாக நனைகிறேன். அது நடிப்பில்லை.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அம்மா, "போதும் சாமி, திரும்பிப் போவாத" என்று பிடித்துக்கொண்டாள். என் வேலை என்னவென்றே அவளுக்குப் பிடிபடவில்லை. அதனால் அந்தப் படத்தை மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன்.

"ஏங்கண்ணு, எப்பப் பாத்தாலும் சும்மாவே ஒக்காந்திருக்கறீங்க? இதுக்கா அத்தன தூரம் போன?" என்றாள். மழைக்காட்சி வந்ததும் திரைக்கு அருகே நகர்ந்தாள். "மிசினுக்கு நீ குடை புடிக்கற. உனக்கு யாரு புடிச்சா? அந்த ஆளக் கூப்புடு."

காணொளி அழைப்பில் இயக்குநர் வந்தார். "ஏனுங்க, எம்புள்ளைய நனைய உட்டுட்டு அதயும் படம் புடிப்பீங்களா?" என்றாள் அம்மா. பாராட்டுகிறாள் என்று நினைத்து அவர் குனிந்து குனிந்து வணங்கினார். நான் மொழிபெயர்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, "அடுத்த மழையில் குடையை நானே பிடிக்கிறேன்" என்றார்.

அம்மா திரையில் அவரை உற்றுப் பார்த்தாள். "பாக்க நல்லவராட்டந்தான் இருக்கறாரு. செரி, போய்ட்டு வா."

ஆனால் இயக்குநர் அம்மாவை விடவில்லை. அடுத்த படத்தில், மகனைத் தொலைபேசியில் திட்டும் தாய் ஒருத்தி வருகிறாளாம். அவருடைய அம்மா திட்டுவதும் இதே குரலில்தானாம்; அந்தத் திட்டை எங்கள் அம்மா தமிழிலேயே பேசித் தர வேண்டுமாம். மறுநாள் காலை மிளகுக் கொடிகளுக்கு நடுவே அம்மாவை நிறுத்தி மைக்கை நீட்டினேன். ஒரு காதில் மாட்டிய ஹெட்போனில் இயக்குநர் கொரிய மொழியில், "இன்னும் கோபமாக" என்கிறார். மறு காதில் அம்மா, "கோவமெல்லாம் போயிருச்சுன்னு சொல்லு கண்ணு" என்கிறாள். முதலில் எந்த மொழியில் வாயைத் திறப்பது என்று தெரியாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, மைக்கை இறக்காமல் நின்றேன்.