அப்பாவின் காரில் ஒயர் கேசட்

என் காரைக் கிண்டல் செய்யாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கும்போது பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, இன்னும் கேசட்டா?" என்பார். ஆமாம், கேசட்தான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் பழையதாக வாங்கிய சின்னக் கார் இது. கேசட் செட்டும் அவர் மாட்டியதுதான். அதற்குள் ஒரு ஒயர் கேசட்டைத் தள்ளி வைத்திருக்கிறேன். பார்க்கக் கேசட் போலவே இருக்கும், உள்ளே நாடா கிடையாது, வால் மாதிரி ஒரு ஒயர் வெளியே தொங்கும். அந்த ஒயரைப் போனில் சொருகினால் போனிலிருக்கும் பாட்டு கார் முழுக்கக் கேட்கும். இப்போது வரும் போன்களில் சொருக ஓட்டையே இல்லை. அதனால் திரை கீறல் விழுந்த பழைய போன் ஒன்றை இதற்காகவே வைத்திருக்கிறேன். டச் ஸ்கிரீன் மாட்டச் சொல்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: உங்கள் காரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இந்த ஒயரில் ஒரு வேடிக்கை உண்டு. பாதி உருவினால் பாடுகிறவரின் குரல் காணாமல் போகும், மேளம் மட்டும் நிற்கும். ஏனென்று எனக்குத் தெரியாது. அப்பா இருக்கும்போதே அது எங்கள் காரின் சட்டமாகிவிட்டது: ஒயரைப் பாதி உருவினால் காரில் இருக்கிறவர்கள் பாட வேண்டும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டபோதெல்லாம் தம்பியும் நானும் தொண்டை கிழியப் பாடியிருக்கிறோம். தம்பி மகளும் சின்ன வயதிலேயே சேர்ந்துகொண்டாள்.

அப்பா சாவு வீட்டில் கானா பாடுகிறவர். இறந்தவர் யாரோடு சண்டை போட்டார், எந்தக் கடையில் டீ குடித்தார், பெண்டாட்டியை என்ன சொல்லிக் கூப்பிட்டார், எல்லாம் பாட்டில் வரும். அழுதுகொண்டிருக்கிறவர்கள் நடுவில் சிரித்துவிடுவார்கள். தன் தோஸ்து ஒருவர் போனபோது பாடிய பாட்டை ஒருநாள் காரில் உட்கார்ந்து, டேஷ்போர்டில் தாளம் தட்டியபடி பாடிக் காட்டினார். அதை அந்தப் போனில் பிடித்து வைத்தேன். இன்றைக்கு எங்களிடம் இருக்கும் அவர் குரல் அது ஒன்றுதான். வண்டி எடுத்ததும் முதலில் அதைத்தான் போடுவேன்.

தம்பி மகளுக்குத் திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். என் வீட்டிலிருந்துதான் புறப்பட்டோம். அவள் பின்சீட்டில் பட்டுப்புடவையும் பூவுமாக, தம்பி முன்சீட்டில். அவன் தெற்கே ஃபிளாட் வாங்கிப் போனவன், பேச்சையும் சேர்த்து மாற்றிக்கொண்டவன். கோபம் வந்தால்தான் எங்கள் பேச்சு அவனுக்குத் திரும்பும். வண்டியைக் கிளப்பினேன், அப்பா பாட ஆரம்பித்தார், தம்பிக்குத் திரும்பிவிட்டது.

"நல்ல நாளும் அதுவுமா சாவுப் பாட்டு போட்டுகினு வர்றியே, அறிவு கீதா ஒனக்கு? மாப்ள வூட்டாளுங்க காதுல வுயுந்தா இன்னா நெனப்பாங்க?"

"நம்ம நைனா பாடுறாருன்னு நெனப்பாங்க."

"சாவு வூட்ல பாடுனவன் பேத்தின்னு நெனப்பாங்க. சம்பந்தமே பூடும்க்கா. அத்த நிறுத்து."

எனக்குச் சுருக்கென்றது. பெண்ணின் வாழ்க்கையில் விளையாடுகிறோமோ என்று பயமும் வந்தது. ஆனால் அப்பாவை ஒளித்து வைத்து முடிக்கிற சம்பந்தம் யாருக்கு வேண்டும்? "நிறுத்த மாட்டேன். எறங்கறதுன்னா எறங்கிக்கோ" என்றேன்.

தம்பி ஒயரைப் பிடித்து இழுத்தான். அது பாதிதான் வந்தது. சினிமாப் பாட்டாக இருந்தால் மேளமாவது மிஞ்சியிருக்கும். போனில் பிடித்த பாட்டில் குரலும் தாளமும் சேர்ந்தே போய்விட்டன, வெறும் இரைச்சல்தான் நின்றது. அவசரத்தில் எங்கள் காரின் சட்டத்தை அவன் மறந்துவிட்டான்.

அவன் மகள் மறக்கவில்லை. அப்பா விட்ட வரியிலிருந்து அவள் எடுத்தாள். தம்பி திகைத்துத் திரும்பிப் பார்த்தான். "ஒயர உருவுனா பாடணும்ப்பா. நீதான சொல்லிக்குடுத்த?" என்று சொல்லிவிட்டு மறுபடி தொடர்ந்தாள். நான் என் பக்கத்துக் கண்ணாடியைச் சுற்றி இறக்கினேன். அவளும் இறக்கினாள். மண்டபம் வரை பாட்டு நிற்கவில்லை.

வாசலில் மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். "நல்லா பாடுறியேம்மா, என்ன பாட்டு?" என்று கேட்டார்.

தம்பி, "சும்மா ஏதோ..." என்று இழுப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "எங்க தாத்தா பாட்டு. சாவு வூட்ல பாடுவாரு."

அந்த அம்மாவின் முகம் மாறியது. தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல நேரம் போகுது, உள்ள வாம்மா" என்று மட்டும் சொன்னார். தட்டு மாற்றினார்கள். அவர் முகம் மட்டும் கடைசி வரை தெளியவில்லை. தெளியாவிட்டால் போகட்டும்.

சாயங்காலம் திரும்பும்போது கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் ஆட்டோ, பைக், ஜனம். தம்பி, பாதி உருவியபடியே இருந்த ஒயரைப் பிடித்து, போனில் முழுசாக அழுத்தினான். அப்பா பாடினார். பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். தம்பி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினான்.

"எங்க நைனாதான்" என்றான் அவரிடம். பிறகு என்னைப் பார்த்து, "சவுண்ட ஏத்துக்கா."