மெரிடி நிறுத்தச் சொன்ன இடம்

என் தம்பி கிரேமின் மனைவி மெரிடி, அடிலெய்டில் இருபத்தொரு வருடம் தபால் பிரித்தவள். எந்தக் கடிதம் எந்தப் பைக்குப் போக வேண்டும் என்று பார்த்துப் போடுகிற வேலை. மற்றவர்களுக்கு விலாசம் வெறும் விலாசம். அவளுக்கு அப்படி இல்லை. பாலைவனத்தில் இருக்கும் ஒருவர் பூ விதை வரவழைத்தால், அங்கே என்ன முளைக்கும் என்று ராத்திரி சாப்பாட்டில் எங்களைப் பிடித்துக்கொள்வாள்.

அவளை அதிகம் குடைந்தது ஒரு நீல உறை. டாஸ்மேனியாவிலிருந்து வாராவாரம் வரும். ‘பி. கெஸ்டெல், வரால்டா பண்ணை, மர்ரீ வழி’ என்று பச்சை மையில் விலாசம் எழுதியிருக்கும். கையில் எடுத்தால் கனமே இராது. பிரித்துப் பார்க்கச் சட்டம் விடாது; அவளும் அப்படிப்பட்டவள் அல்ல.

போன ஜூலை பள்ளி விடுமுறையில் கிரேம் பழைய கேரவன் ஒன்றை வாங்கி ஜீப்பின் பின்னால் மாட்டினான். அவன், மெரிடி, பத்து வயது மகள் ஹெட்டி, நான், நால்வரும் வடக்கே கிளம்பினோம். மர்ரீ என்ற பாலைவன ஊரைத் தாண்டியதும் மண்சாலை எங்கள் தட்டுகளில் பாதியை உடைத்தது. அன்று மதியம் மெரிடி கத்தினாள்.

“நிறுத்து, நிறுத்து!”

கண்ணுக்கெட்டிய தூரம் வீடில்லை, மரமில்லை. சாலையோரத்தில் துருப்பிடித்த பழைய பிரிட்ஜ் ஒன்று நின்றது. பண்ணைக்காரர்கள் தபால் பெட்டியாக வைப்பதுதான். கதவில் வெள்ளைப் பெயிண்டில் ‘வரால்டா’.

“தபால் லாரி வியாழக்கிழமைதான் வரும். இன்னைக்குச் செவ்வாய். இங்கயே இருந்துடுவோம்” என்றாள் மெரிடி.

“ஏம்மா, ஒரு பிரிட்ஜைப் பாக்கவா இவ்ளோ டீசல் ஊத்தி வந்தோம்? நம்ம வீட்லயே ஒண்ணு இருக்கே, உள்ள பீரும் இருக்கு” என்றான் கிரேம்.

“அம்மா முடிவு பண்ணிட்டாங்கப்பா. நீங்க சேரை எடுத்துப் போடுங்க” என்றாள் ஹெட்டி.

இரண்டு நாளில் ஏழு வண்டிகள் கடந்தன. நான்கு பேர் நிறுத்தி, வண்டி பழுதா என்று விசாரித்தார்கள். தபாலுக்குக் காத்திருக்கிறோம் என்றதும் ஒருவர் கிரேமைத் தனியாக அழைத்து, குடிக்கத் தண்ணீர் போதுமா, தலையில் வெயில் ஏதும் பட்டதா என்று கேட்டார். தட்டில் சாசேஜை விட ஈக்கள் அதிகம் இருந்தன.

வியாழன் காலை தபால் லாரி வந்தது. ஓட்டுநர் ஆஸி ஒரு கட்டுத் தபாலைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போனார். மேலாக இருந்தது நீல உறை. ஒரு மணி நேரம் கழித்துப் பிக்கப் வண்டியில் நாயோடு ஒரு நெட்டைக் கிழவர் வந்தார். மெரிடி ஓடினாள்.

“நீங்கதான் கெஸ்டெலா? அடிலெய்டுல உங்க தபாலைப் பிரிக்கிறது நான்தான். தப்பா நினைக்காதீங்க, பன்னெண்டு வருஷமா ஒரு கேள்வி. அந்த உறைக்குள்ள என்னதான் இருக்கு?”

பெர்ட் கெஸ்டெல் உறையைக் கிழித்து, உள்ளே இருந்த துண்டுக் காகிதத்தை நீட்டினார். அதில் ‘61’ என்று மட்டும் இருந்தது.

“மில்லிமீட்டர். எங்க அக்கா ஊர்ல இந்த வாரம் பெஞ்ச மழை. பதிலுக்கு நான் என் மழையை எழுதிப் போடுவேன்.”

“உங்களுக்கு எவ்ளோ?”

“சைபர். போன வாரமும் சைபர். அதுக்கு முந்தி ரெண்டு. அன்னிக்கு இந்த நாய்கூட ஆட்டம் போட்டுது.”

“போன்ல சொல்லிடலாமே?”

“போன்ல பேச ஆரம்பிச்சா அப்பா சொத்துல வந்து நிக்கும். மழையை வெச்சு யாரும் சண்டை போட முடியாது, பாருங்க.”

“ஒரு வாரம்கூடத் தவறினதில்லையா?”

“ஒருதரம் மூணு வாரம் வரல. அவ ஆஸ்பத்திரில இருந்தா. போன் பண்ணி ‘எத்தனை மில்லி?’ன்னு மட்டும் கேட்டேன். அழுதுட்டா.” கெஸ்டெல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “டீ குடிக்க வாங்க. நாற்பது கிலோமீட்டர்தான், பக்கம்.”

டீ குடிக்கப் போன இடத்தில் சாயங்காலம் மேகம் கட்டியது. விடிவதற்குள் முப்பத்தெட்டு மில்லி. சாலையை மூடிவிட்டார்கள், ஆறு நாள் அங்கேயே மாட்டிக்கொண்டோம். கிரேம் பண்ணையின் பம்பைப் பழுதுபார்த்தான். அந்த வாரக் கடிதத்தை மெரிடியையே எழுதச் சொன்னார் பெர்ட், அக்கா கொஞ்சம் குழம்பட்டும் என்று. மெரிடி ‘38’ என்று எழுதினாள். அதோடு நிறுத்த அவளால் முடியுமா? கீழே, ‘உங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்?’ என்று ஒரு கேள்வியும் சேர்த்துவிட்டாள்.

பதில் நான்கு பக்கம் வந்தது. பெர்ட் அடிலெய்டுக்குப் போன் போட்டுப் புலம்பினார். “என்ன காரியம் பண்ணி வெச்சீங்க? மூக்குக்கண்ணாடி வாங்க வேண்டியதாப் போச்சு!”

வருடக் கடைசியில் ஆஸிக்கு முழங்கால் போய்விட்டது. அந்தத் தபால் லாரியை ஓட்ட மெரிடி விண்ணப்பித்தபோது வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. கிரேம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மார்ச்சில் மூவரும் மர்ரீக்குக் குடிபோனார்கள். அவன் இப்போது வருகிற போகிற கேரவன்களையெல்லாம் பழுதுபார்க்கிறான். எனக்கு இங்கே ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாகிவிட்டன.

போன வாரம் மெரிடி பேசினாள். லாரி போகும் கடைசிப் பண்ணைக்கு மாதாமாதம் பியானோ கம்பி வருகிறதாம். அங்கே இருப்பது அண்ணன் தம்பி இரண்டு பேர், இருவருக்கும் வாசிக்கத் தெரியாதாம்.

“எதுக்குன்னு கேட்டியா?” என்றேன்.

“ரெண்டு தடவை கேட்டேன். சிரிச்சுக்கிட்டே கேக் குடுத்து அனுப்பிட்டாங்க.”