புகாரே வராத வட்டாரம்

ஒரு காது அவளுக்குப் பாதிதான் கேட்கும். முதல் பெஞ்சுக்குச் சண்டை போட்டே பள்ளிப் படிப்பை முடித்தாள். கணக்கில் தோற்றாள், மறுபடி எழுதி ஜெயித்தாள். கல்யாணம் நின்றுபோன வருடமே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள். தடுப்பூசி அலுவலகத்தில் தற்காலிகமாகச் சேர்த்தவர்கள் அவளை அனுப்ப மறந்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். அது பொய். மூன்று தடவை அனுப்பப் பார்த்தார்கள். அவள்தான் போகவில்லை.

வீட்டில் அவளுக்கு சிஐடி என்று பேர். மோந்து பார்க்காமல் பால் காய்ச்ச மாட்டாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள், படி இறங்குவாள், திரும்ப ஏறி வந்து இன்னொரு தடவை இழுப்பாள்.

ஊசி போட்டபின் குழந்தைக்குக் காய்ச்சல், வீக்கம், மயக்கம் என்று எது வந்தாலும் நர்ஸுகள் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அதை வட்டாரவாரியாகச் சேர்ப்பது அவள் வேலை. மாதக் கடைசியில் சுவர் வரைபடத்தில் நிறத்தாள் ஒட்டுவாள். நிறையத் தகவல் வந்த வட்டாரத்துக்குச் சிவப்பு, ஒன்றுமே வராததற்குப் பச்சை. ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டுவதில் அவளுக்கு ஒரு பெருமை. அறிக்கையும் அவளே தயாரிப்பாள். கையெழுத்து மட்டும் மேலதிகாரி போடுவார்.

கிழக்கு வட்டாரம் மாதாமாதம் சிவப்பு. மேற்கு மாதாமாதம் பச்சை.

"கிழக்கு நர்ஸ் கை சரியில்லம்மா. வேலையை விட்டே எடுக்கச் சொல்லி எழுதப்போறேன். நீ ஒரு தடவை போய்ப் பாத்துட்டு அறிக்கை குடு" என்றார் மேலதிகாரி.

அவளுக்கும் அந்த நர்ஸ் மேல்தான் சந்தேகம். போய் ஒரு மூலையில் உட்கார்ந்து, நர்ஸின் கையை முழங்கை வரை உற்றுப் பார்த்தாள். ஊசி ஒழுங்காகத்தான் இறங்கியது. ஆனால் ஊசி போட்டுக்கொண்ட யாரையும் அந்த அம்மாள் உடனே எழுந்து போக விடவில்லை. அரை மணி நேரம் உட்கார வைத்தாள். முந்தின நாள் வந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள்.

"ராத்திரி காய்ச்சல் அடிச்சுதா? மறைக்காம சொல்லு தாயி, உன்னைத் திட்ட மாட்டேன்."

"எல்லா இடத்துலயும் இப்படிக் கேப்பாங்களா?" என்றாள் சிஐடி.

"அதை நீங்கதான் சொல்லணும். நான் கேக்குறேன், அதனால தெரியுது. கேட்ட பாவத்துக்கு எனக்குச் சிவப்பு."

பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பேச்சு அவளை அரித்தது. காய்ச்சலே வராத குழந்தைகளா மேற்கில் மட்டும் பிறக்கின்றன?

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் மேற்குக்குப் போனாள். ஊசி அறை பளிச்சென்று இருந்தது. அங்கிருந்த நர்ஸ் டீ வரவழைத்தாள். சிரிப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. சிஐடி டீயையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

வாசலுக்கு வெளியே ஒரு பெண், இடுப்புக் குழந்தையோடு நின்றாள். குழந்தையின் தொடையில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி.

"ஊசி போட்ட இடமாம்மா?"

அந்தப் பெண் துணியை இழுத்து மூடினாள். "சிஸ்டர் பாத்துக்குவாங்க. அவங்க சொந்த நம்பரே குடுத்திருக்காங்க. எதுன்னாலும் எனக்குச் சொல்லு, ஆஸ்பத்திரிக்கு ஓடாதேன்னாங்க. தங்கமானவங்க."

"தங்கமோ பித்தளையோ, இன்னிக்கே பிள்ளையை டாக்டர்கிட்ட காட்டு." ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள். பிறகு உள்ளே போய், இதை ஏன் அலுவலகத்துக்குச் சொல்லவில்லை என்று நர்ஸிடம் கேட்டாள்.

நர்ஸின் சிரிப்பு போய்விட்டது. "சொன்னா எங்க தப்புன்னுதானே ஆகும் மேடம்? பச்சை வாங்கினவங்களை மீட்டிங்ல கைதட்டிப் பாராட்டுறீங்க. சிவப்பு வந்தா எழுப்பி நிக்க வெக்கிறீங்க. அந்தத் தாளை ஒட்டுறது நீங்கதானே?"

அந்த நர்ஸின் போனுக்குள் இன்னும் எத்தனை கட்டி, எத்தனை காய்ச்சல் கிடக்கிறதோ என்பதுதான் சிஐடியின் மனதில் ஓடியது.

வீட்டுக்கு வந்து, அறிக்கையில் எழுதப்போவதை அக்காவிடம் சொன்னாள்.

"உங்க ஆபீஸ் பெரியவரு ஒத்துக்குவாரா?" என்றாள் அக்கா, தையல் மெஷினை நிறுத்தாமல்.

"சந்தேகந்தான்."

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

மேலதிகாரி அறிக்கையை இரண்டு தடவை படித்தார். கிழக்கு நர்ஸை எடுக்கக் கூடாது, அவள் கேட்பது போல் எல்லா இடத்திலும் கேட்க வேண்டும், பச்சை வட்டாரங்களைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"தப்புன்னு சொல்ல மாட்டேன்," என்றார். "ஆனா மேற்கைக் காட்டித்தான் நான் போன வருஷம் பாராட்டு வாங்கினேன். இதுல என் கையெழுத்து வராது. அனுப்பணும்னா உன் பேர்ல அனுப்பு. நாளைக்கு என்கொயரின்னா நீதான் நிக்கணும்."

"என் பேருல போனா எடுத்துக்குவாங்களா சார்?"

"எடுத்துக்குவாங்க. உன்னையும் சேத்து எடுத்துக்குவாங்க."

அவள் அறிக்கையை இன்னொரு தடவை முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். பேனாவை ஓரத்தில் கிறுக்கி, எழுதுகிறதா என்று சரிபார்த்தாள். கிழக்கு நர்ஸ் இன்றும் அந்த ஊசி அறையில்தான் இருக்கிறாள். அலுவலக அறிக்கையில் சிஐடி தன் பேரைக் கையெழுத்தாகப் போட்ட முதல் நாள்: 2018 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை.